பூட்டிய ஆலையும் பதில் வராத விண்ணப்பமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் சாலை போனக்காட்டில் முடிகிறது. அதற்கு அப்பால் அகத்தியர்கூடத்துக்குச் செல்லும் காட்டுப்பாதை மட்டுமே உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் காடு திருத்தி உருவாக்கப்பட்ட தேயிலைத் தோட்டமும், அதன் ஆலையும், தொழிலாளர் லயங்களும் அங்கே இருக்கின்றன. ஆலை ஓடவில்லை. லயங்களின் கூரைகள் ஒழுகுகின்றன. கங்காணிகள் மூலம் தென்தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஊதிய நிலுவைக்காகவும் பணிக்கொடைக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவோர், அங்குள்ள பழைய துரை பங்களாவைப் ‘பேய் பங்களா’ என்று படம் பிடித்துச் செல்கிறார்கள். இல்லாத பேயைத் தேடி வருவோரின் கண்ணில், உயிரோடு இருக்கும் தொழிலாளி படுவதில்லை.

போனக்காடு ஆனாலும் மூணாறு ஆனாலும் வால்பாறை ஆனாலும், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்துவந்துள்ளன. தம் தலையில் தொங்கிய கொழுந்துக் கூடை பிள்ளைகளின் தலையில் தொங்கக்கூடாது என்பதே அது. அந்த உறுதிக்காக அடகுக்குப் போன நகைகளும் வாங்கிய கைமாற்றுகளும் எண்ணற்றவை. பொறியியல் பட்டமும் கணினிப் பட்டமும் பெற்று மலையிறங்கும் இந்தத் தலைமுறை வந்துசேரும் இடங்களுள் ஒன்று, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க். இ.கே.நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு 1990 ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பூங்கா, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகும். போனக்காட்டின் லயத்திலிருந்து இப்பூங்காவின் வாயில் வரை சில மணி நேரப் பேருந்துப் பயணந்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு குடும்பத்துக்கு மூன்று, நான்கு தலைமுறைகள் ஆயின. இப்போது அந்த வாயிலும் குறுகிக்கொண்டிருக்கிறது.

நாட்டின் மிகப்பெரும் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான டிசிஎஸ், தன் பணியாளர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை, வெளியேற்றப்போவதாக 2025 ஜூலையில் தெரிவித்தது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அந்நிறுவனம் ஈட்டிய நிகர லாபம் 12,760 கோடி ரூபாய். நட்டத்தில் மூழ்கும் கப்பலிலிருந்து சுமையைக் கடலில் எறியும் கதை இதுவன்று என்பது தெளிவு. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான அடுத்த மூன்று மாதங்களில் அதன் பணியாளர் எண்ணிக்கை 19,755 குறைந்தது. ஆட்குறைப்பு அறிவிக்கப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, ஆண்டில் 225 நாட்களாவது வாடிக்கையாளர் கணக்கில் வேலை காட்ட வேண்டும், பணி ஒதுக்கப்படாத ‘பெஞ்ச்’ நிலையில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்திருந்தது. பணி ஒதுக்குவது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒதுக்கப்படாததற்குத் தண்டனை பணியாளருக்கு.

புதிதாக நுழைவோரின் நிலை இதைவிட மோசமானது. 2022 ஆம் ஆண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பணி நியமனக் கடிதத்தைப் பெற்ற பலர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து 2024 இன் பிற்பகுதியிலேயே மைசூருப் பயிற்சி வளாகத்துக்குள் நுழைய முடிந்தது. அவர்களில் 300க்கும் மேற்பட்டோர், உள்தேர்வில் தேறவில்லை என்ற காரணத்தால் 2025 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டனர். காத்திருந்த அந்த இரண்டு ஆண்டுகளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று ஊருக்கு இனிப்பு வழங்கிய குடும்பங்கள், “எப்போது சேரப் போகிறான்?” என்ற கேள்விக்கு இரண்டு ஆண்டுகள் மழுப்பிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. சேர்ந்தவர்களுக்கும் கிடைப்பது என்ன? பெரிய நிறுவனங்களில் தொடக்க நிலை ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு இலட்சம் ரூபாய் என்ற அளவிலேயே நிற்கிறது. விலைவாசி நிற்கவில்லை, வாடகை நிற்கவில்லை, கல்விக் கட்டணமும் நிற்கவில்லை.

இப்புள்ளிவிவரங்கள் தோழர்கள் பலர் அறிந்தவையே. அறிந்தும் அதிகம் பேசப்படாத ஒன்று இவற்றின் அடியில் இருக்கிறது. வேலை தேடும் மனிதரின் உள்ளத்தில் நிகழும் அரிப்பே அது.

வேலை தேடுவது இன்று ஒரு முழுநேர வேலையாகிவிட்டது. ஊதியம் மட்டும் இல்லை. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் புதிய அறிவிப்புகளைப் பார்ப்பது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஏற்பத் தன்விவரக் குறிப்பைத் திருத்துவது, ஒரே விவரத்தை ஒவ்வொரு நிறுவனத்தின் படிவத்திலும் மீண்டும் நிரப்புவது என்று நாள் கழிகிறது. அனுப்பிய விண்ணப்பங்களுள் பெரும்பாலானவற்றை மனிதக் கண் பார்ப்பதே இல்லை. குறிச்சொற்களைத் தேடும் மென்பொருளே முதலில் சலித்துத் தள்ளுகிறது. மறுப்பு வந்தால்கூட ஒரு முடிவு தெரியும். பெரும்பாலும் எந்தப் பதிலும் வருவதில்லை. மூன்று சுற்று நேர்காணல் முடித்து, “தெரிவிக்கிறோம்” என்ற மனிதவள அதிகாரியின் சொல்லை நம்பி வாரக்கணக்கில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்போர் உண்டு. காரணம் சொல்லப்படாத இடத்தில் மனம் தானே காரணத்தை உருவாக்கிக்கொள்கிறது. தன் ஆங்கிலம் சரியில்லை, தன் கல்லூரி சரியில்லை, தன் முகம் சரியில்லை, இறுதியில் தானே சரியில்லை என்று அது போய் முடிகிறது.

அடுத்து வருவது ஒளிவு. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. எடுத்தால், “அடுத்த வாரம் ஒரு கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள் அம்மா” என்று ஒரு பொய். வேலை இழந்ததை வீட்டுக்குச் சொல்லாமல், வழக்கமான நேரத்தில் சட்டையைத் தேய்த்து அணிந்து வெளியே போய், நூலகத்திலோ பேருந்து நிலையத்திலோ பொழுதைக் கழித்துத் திரும்புவோரும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. அங்கே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வேலையில் இருக்கும் நண்பர்களோடு தேநீர்க் கடைக்குப் போவதில்லை. காசு கொடுக்கும் முறை தனக்கும் வரும். வங்கியில் கல்விக் கடனுக்கான தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கிறது. இந்தப் பலவீனமான நேரத்தில்தான், பயிற்சிக் கட்டணம் என்றும் பதிவுக் கட்டணம் என்றும் பணம் பறிக்கும் போலி முகவர்கள் நுழைகிறார்கள். ஏமாந்தவர் புகார் கொடுப்பதும் அரிது. ஏமாந்தேன் என்று சொல்வதும் வெட்கமாகிவிடுகிறது.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. ஆணுக்கு வேலை கிடைக்கும்வரை குடும்பம் காத்திருக்கிறது. பெண்ணுக்கு ஓராண்டில் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறது. தேடுவதற்கான காலமே அவளுக்குக் குறைவாக அளந்து தரப்படுகிறது.

இந்த வெட்கத்துக்கு ஓர் ஆசிரியர் உண்டு. ‘திறன் பற்றாக்குறை’ என்ற பாடத்தை ஆண்டுதோறும் ஓதிவரும் பெருமுதலாளி வர்க்கமும் அதன் ஊடகங்களுமே அந்த ஆசிரியர். டிசிஎஸ் ஆட்குறைப்பின்போதும் நிறுவனத் தலைமை சொன்ன விளக்கம் இதுதான்: செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன்கள் பொருந்தவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் அதே திறனை விற்று நிறுவனம் லாபம் ஈட்டியது. அது ஓர் இரவில் பொருந்தாமல் போயிற்று. இப்பாடம் உண்மையானால், கூடுதலாகப் படித்தவருக்கு வேலையின்மை குறைவாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறானது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து 2024 இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞரிடையே 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாதவர் வசதியாக இருக்கிறார் என்பது இதன் பொருளன்று. கிடைத்த கூலிக்கு எந்த வேலையையும் செய்தாலன்றி அவரால் அன்றைய அடுப்பை மூட்ட முடியாது. எனினும் படிப்புக்கு ஏற்ற வேலையை இப்பொருளாதாரம் உருவாக்கவில்லை என்பதை மறைக்க வழியில்லை.

இடதுசாரிகள் கல்வியைப் பரவலாக்கிய கேரளத்தில் இம்முரண்பாடு மேலும் கூர்மையானது. 2023-24 ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 முதல் 29 வயது வரையிலானோரின் வேலையின்மை அகில இந்திய அளவில் 10.2 சதவீதமாகவும், கேரளத்தில் 29.9 சதவீதமாகவும் இருந்தது. கேரளத்தின் இளம்பெண்களிடையே இது 47.1 சதவீதம். கசப்பான இக்கணக்கை எதிரிகள் சொல்லும்போது மறுப்பதும், பிறகு மறந்துவிடுவதும் கட்சிக்கு அழகன்று. பள்ளிக்கூடத்தைத் திறந்தவர்களுக்கு, அதிலிருந்து வெளியே வருபவரின் வாழ்க்கை பற்றிய பொறுப்பும் உண்டு.

வேலையற்றோர் கூட்டம் முதலாளித்துவத்தின் விபத்தன்று, அதன் தேவை என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்கினார். வெளியே வரிசையில் நிற்கும் சேமப் படையைக் காட்டித்தான் உள்ளே இருப்பவரின் ஊதியமும் வாயும் அடக்கப்படுகின்றன. தொடக்க ஊதியம் பத்தாண்டுகளாக நகராமல் நிற்பதன் இரகசியம் இதுதான். இத்தேற்றம் கட்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கும் சிலர் வந்துவிடுகிறார்கள். துன்பம் முற்றினால் இளைஞர்கள் தாமாகவே போராட்டத்துக்கு வந்துவிடுவார்கள் என்பதே அது.

இந்நம்பிக்கையை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்றூர் பொய்யாக்கியது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு அருகில் உள்ள மரியன்தால், போனக்காட்டைப் போலவே ஒரே ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். உலகப் பெருமந்தத்தில் அந்த நெசவாலை மூடப்பட்டது. சமூக ஜனநாயக இயக்கத்தோடு நெருக்கமாக இருந்த மாரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசெல் ஆகிய ஆய்வாளர்கள் 1931 இறுதியில் அவ்வூர் மக்களோடு பழகி ஆய்வைத் தொடங்கினர். 1933 இல் அது நூலாக வெளிவந்தது. வேலையிழந்தவர்கள் கொதித்தெழுவார்கள் என்று எதிர்பார்த்தோர் அங்கே கண்டது வேறு. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், காரணமின்றி நின்றனர், பலர் கைக்கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டனர். நேரம் ஏராளமாக இருந்தும், தொழிலாளர் நூலகத்தில் இரவல் பெறப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. வேலையற்றோருக்குச் சலுகை விலை இருந்தும், கட்சி நாளேட்டின் சந்தா 60 சதவீதம் வீழ்ந்தது. பெரும்பாலான குடும்பங்கள் கலகம் செய்யவில்லை. எதிர்பார்ப்புகளைச் சுருக்கிக்கொண்டு ஒடுங்கின. வேலையின்மை மனிதரைத் தானாகவே அமைப்பை நோக்கித் தள்ளுவதில்லை; அமைப்பிலிருந்து விலக்கவும் செய்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவில் பாசிசம் வென்றது என்பதையும் சேர்த்தே இப்பாடத்தைப் படிக்க வேண்டும்.

மரியன்தாலில் ஊரே ஒன்றாக வேலையிழந்தது. போனக்காட்டிலும் அப்படித்தான். ஆலை ஓடாதது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அதன் சுவர் அங்கேயே நிற்கிறது. பக்கத்து லயத்துப் பெண்ணுக்கும் அதே நிலுவைதான். “நான் ஒழுங்காகக் கொழுந்து பறிக்காததால் ஆலை நின்றது” என்று எந்தத் தொழிலாளியும் நினைப்பதில்லை. வறுமை அவரை வாட்டுகிறது; ஆனால் குற்றவாளி யார் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. அவருடைய மகளோ மகனோ கழக்கூட்டத்தில் வாடகை அறையில் இருக்கிறார். அங்கே பூட்டிய கதவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுவனத்தின் கண்ணாடிக் கட்டடம் இரவும் பகலும் ஒளிர்கிறது. அடையாள அட்டை மட்டும் வேலை செய்யாமல் போகிறது. ஆட்குறைப்பு ஒவ்வொருவராகத் தனியறைக்கு அழைத்து, தாமாகவே விலகுவதாக எழுதி வாங்கி நடத்தப்படுகிறது. பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதுவே நடந்தது என்பது தெரிவதற்குள் இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். தாய்க்குக் கிடைத்த தெளிவு பிள்ளைக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணம், படிப்பில் உள்ள குறையன்று, தனிமையே.

சட்டமும் இத்தனிமைக்குத் துணைபோகிறது. ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும். ராஜினாமா என்று எழுதி வாங்கினால் தர வேண்டியதில்லை. அரசின் முன்அனுமதி பெற்றே ஆட்குறைப்புச் செய்ய வேண்டும் என்ற பாதுகாப்பு ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே வகுக்கப்பட்டது. மென்பொருள் நிறுவனம் அதில் இடம்பெறவில்லை. அந்த மூன்றுக்கும்கூட 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, 100 தொழிலாளர் என்ற வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டது. தோட்டத்தில் இருக்கும் தாயின் காப்பைக் கழற்றியதும், பூங்காவில் இருக்கும் பிள்ளைக்குக் காப்பே தராததும் ஒரே கைதான்.

இந்நிலை மாறாததன்று. தகவல் தொழில்நுட்பத் துறைக்கும் தொழில் தகராறுச் சட்டம் பொருந்தும், அங்கே சங்கம் அமைக்கத் தடையில்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016 இல் தெளிவுபடுத்த வேண்டிவந்தது. கர்நாடகத்தில் 2017 இல் உருவான தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம், ஆட்குறைப்புகளைத் தொழிலாளர் துறையின் முன் கொண்டுசென்று வருகிறது. 2014-15 டிசிஎஸ் ஆட்குறைப்பின்போது கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றார். தனியாகத் தலைகுனிந்து கையெழுத்திட மறுத்த ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். கட்டாய ராஜினாமாவை ஆட்குறைப்பாகவே சட்டம் கருத வேண்டும். பணி நியமனக் கடிதம் அளித்த நிறுவனம் குறித்த காலத்துக்குள் வேலையில் சேர்க்காவிட்டால், காத்திருக்கும் காலத்துக்கு ஊதியம் தர வேண்டும். வேலை கிடைக்கும்வரை கல்விக் கடன் தவணையும் வட்டியும் நிறுத்திவைக்கப்பட வேண்டும். வேலை தருவதாகக் கட்டணம் வாங்குவது குற்றமாகத் தண்டிக்கப்பட வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகளின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். போனக்காட்டுத் தொழிலாளரின் ஊதிய, பணிக்கொடை நிலுவைகள் முழுமையாகத் தீர்க்கப்பட வேண்டும். அந்த நிலுவை கைக்கு வந்திருந்தால், கழக்கூட்டத்தில் வேலை தேடும் பிள்ளையின் வாடகையும் தவணையும் கட்டப்பட்டிருக்கும்.

கோரிக்கைகள் வெல்லக் காலமாகும். அதுவரை அந்த வாடகை அறையில் இருப்பவர் தாக்குப்பிடிக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022 ஆம் ஆண்டில் மட்டும் தம் உயிரை மாய்த்துக்கொண்டோரில் 15,000க்கும் மேற்பட்டோர் வேலையற்றோர். எந்த ஓர் உயிரிழப்புக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. எனினும் பேச ஓர் ஆள் இருந்திருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடியவர்கள் இவர்களுள் பலர் என்பதை மறுக்க முடியாது. மனச்சோர்வு நோயாகக் கனியும்போது மருத்துவ உதவி தேவை. 14416 என்ற டெலி-மானஸ் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம். அதை நாடுவதில் இழிவு ஏதுமில்லை என்பதைத் தோழர்கள் தம் வீடுகளிலிருந்தே சொல்லத் தொடங்க வேண்டும்.

கட்சி உறுப்பினர்கள் முதலில் தம் வழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலை தேடும் இளைஞரைக் கண்டதும், “வேலை கிடைத்ததா?” என்று கேட்பதுதான் அவ்வழக்கம். அக்கறையில் பிறந்த கேள்விதான். ஆனால் கேட்கப்படுபவருக்கு அது தீர்ப்பாகவே ஒலிக்கிறது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் வேலை தேடுவோர் யார், எவ்வளவு காலமாக, என்ன கடனோடு என்பதை அறிந்திருக்க வேண்டும். வாசகசாலையிலும் கட்சி அலுவலகத்திலும் வாரம் ஒருநாள் மாலை அவர்களுக்காக ஒதுக்கப்படலாம். ஒருவர் எழுதிய நேர்காணல் கேள்விகளை மற்றவர் அறியலாம். எந்த முகவர் ஏமாற்றுகிறார் என்பது பொதுவாகத் தெரியவரலாம். பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் சட்டம் அறிந்த தோழர் ஒருவர் படித்துப் பார்க்கலாம். தகவல் தொழில்நுட்பத் துறைச் சங்கங்கள், வேலையில் இருப்போரின் அமைப்பாக மட்டும் நின்றுவிடாமல், வேலையிழந்தோரும் வேலை தேடுவோரும் உறுப்பினராகத் தொடரும் இடமாக வேண்டும். வேலை போன அன்றே சங்கத்தோடு தொடர்பும் போகுமானால், மரியன்தாலில் நடந்ததே இங்கும் நடக்கும்.

ஒரே அறையில் பத்து இளைஞர்கள் கூடி, தமக்கு வந்த பதில்களையும் வராத பதில்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, பத்துத் தனிப்பட்ட தோல்விகள் ஒரே கொள்கையின் விளைவாகத் தெரியத் தொடங்கும். போனக்காட்டுத் தாய்க்குப் பூட்டிய ஆலையைப் பார்த்ததும் தெரிவது அதுவே. அவர்கள் தாமாக வருவார்கள் என்று காத்திருக்க நேரமில்லை. கதவைத் தட்டிப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அப்பணியை ஒவ்வொரு கிளையும் இந்த வாரமே தொடங்க வேண்டும்.